எடிட்டரின் மதியப் பங்கு

ஜூன் 9

கோவை டாக்டர் சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். என் சம்சாரம் மயிலாத்தாள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், வாந்தி உண்டா. இரைப்பையில் கட்டி. அறுத்தெடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். "மருந்தைத் தாங்க உடம்புல சத்து வேணும். எடை நாற்பத்து மூணுக்குக் கீழ போனா நிறுத்திடுவேன்" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது நாற்பத்தைந்தரை கிலோ.

காலையில் அரை இட்லி. மதியம் ரசம் சோறு கரைத்து வைத்தேன். தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ராத்திரி வேண்டாம் என்றாள்.

வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையில் ஒரு பூனைக்குட்டி. தாய்ப்பூனை சத்தி ரோட்டில் லாரியில் அடிபட்டதைப் பக்கத்து வீட்டு வசந்தாமணி பார்த்திருக்கிறாள். குட்டி காலையிலிருந்து நிறுத்தாமல் கத்தியது. நாளைக்கு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றேன். மயிலாத்தாள் அதற்குள் அதை முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கட்டிலிலிருந்து அவளாக எழுந்து வெளியே போனது ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான்.

ஜூன் 10

குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். டாக்டர் ஃபர்ஹானா, சின்ன வயசு. குட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும், ஆண், எடை 450 கிராம் என்றார். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். வேகவைத்து முள் எடுத்த மீன், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, கோழிக்கறி. எதிலும் உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு ஒரு பெரிய கரண்டி. வாரம் நூறு கிராம் ஏறினால் சரி. அதற்கு மேல் ஏறினால் கூடப் போடுகிறோம் என்று அர்த்தம்.

"அளவு சரியா இருக்கான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"விலாவைத் தடவிப் பாருங்க சார். எலும்பு கைக்குத் தட்டுப்படணும். கண்ணுக்குத் தெரியக் கூடாது."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மயிலாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டாள். "வெங்காயங்கூட ஆகாதா இவனுக்கு? ஐயரூட்டுப் பையனாட்ட இருக்குது" என்றாள்.

ஜூன் 11

பெயர் வைத்துவிட்டாள். எடிட்டர்.

"முப்பது வருசம் பேப்பர் ஆபீஸ் எடிட்டருங்க செய்தி பத்தலைன்னு போன்ல உங்களைக் கத்திட்டே இருந்தாங்களே. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஊடு பேச்சுமூச்சில்லாமக் கெடக்குது. இவன் பாருங்க, என்ன குடுத்தாலும் பத்தலைங்கறான்."

எடிட்டர் அவள் மடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்தியது. நாளைக் காலையில் கோவை. முதல் மருந்து.

ஜூன் 14

மூன்று நாளாக வாந்தி. கஞ்சித் தண்ணீர் மட்டும். அதுவும் நிற்கவில்லை.

ஜூன் 17

எடிட்டர் 540. சமையலறைத் தராசில் எவர்சில்வர் போசியை வைத்து அதற்குள் உட்காரவைத்து நிறுக்கிறேன். "கோழிக்கடைக்காரன் தோத்தான்" என்றாள் மயிலாத்தாள்.

வாந்தி நின்றுவிட்டது. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. சமைப்பது இப்போது நான்தான். நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகுதான் அவள் சமையலறைக்குள் போவாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மணைப்பலகையில் உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததெல்லாம் ஊரார் வீட்டுக் கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில். இந்த நிலைமையிலாவது கூட உட்காரச் சொன்னேன். "ஆம்பளை முன்னால எனக்கு எறங்காதுங்க" என்றுவிட்டாள்.

மதியம் தட்டை எடுக்கப் போனபோது வைத்த சோறு வைத்தபடி இருந்தது. தட்டோடு போய்க் கட்டிலருகில் நின்றேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. அவள் சோற்றைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18

அவளே கேட்டாள்.

"ஏனுங்க, மீன் கெடைக்குமா? வெறுந்தண்ணில வேக வெச்சு, முள்ளெடுத்துக் குடுங்க. உப்பு வேண்டாம். வெங்காயம் பூண்டு ஒண்ணும் வேண்டாம். வாயெல்லாம் புண்ணு, எரியுது."

பவானிசாகர் அணை மீன் மார்க்கெட்டுக்கு வந்திருந்தது. ஒரு கட்லா வாங்கினேன். எடிட்டருக்கும் அதுவே ஆயிற்று, ஒரே சட்டியில் இரண்டு வேலை முடிந்தது. அவளுக்குக் குழைந்த சோற்றில் பிசைந்து வைத்தேன். நான் சாப்பிட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டாள். தட்டு காலி. தட்டைக் கழுவிக்கூட வைத்துவிட்டாள்.

ஓசூரில் இருக்கும் மகள் சுகன்யாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நெசமாவாப்பா?" என்று அழுதாள்.

ஜூன் 22

மீன் சோறு சாப்பிட்டாள். காலையில் அவித்த முட்டை ஒன்று. அவள் சாப்பிடும்போது எடிட்டரையும் உள்ளே வைத்துக்கொள்கிறாள். "தனியா உக்காந்து திங்கறதுக்கு ஒரு தொணை" என்கிறாள். நல்லதுதான்.

ஜூன் 26

எடிட்டர் தன் மதியப் பங்கை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். வயிறு கெட்டிருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை, கும்மென்று இருக்கிறது. அளவைக் கொஞ்சம் குறைத்தேன்.

மயிலாத்தாள் கோழிக்கறி கேட்டாள். காரம் உப்பு இல்லாமல், சின்னச் சின்னதாகப் பிய்த்து. சாப்பிட்டாள்.

ஜூலை 3

கோவை. எடை 46.2. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா, நல்லாச் சாப்பிடறீங்களா?"

அவள் என்னைக் காட்டினாள். "அவர் எல்லாம் எழுதி வெச்சிருக்காருங்க."

டைரியைப் பிரித்துப் படித்தேன். முட்டை, மீன், கோழி, தேதி வாரியாக. போன முறை பயந்துகொண்டு குறைத்துத்தான் கொடுத்தோம், இந்த முறை முழு அளவு ஏற்றிவிடலாம் என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வரும் வழியில் காரில் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "இதோட உட்டுடலாங்களா?"

"எடை ஏறுது மயிலா. இப்பப் போய் எதுக்கு உடணும்?"

அவினாசி தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வாந்தி.

ஜூலை 7

எழுந்து நிற்க முடியவில்லை. வாயிலிருந்து ரத்தம் கசிகிறது. எடிட்டர் கட்டிலடியை விட்டு நகரவில்லை.

ஜூலை 12

கொஞ்சம் தேவலை. சமையலறைக்கு அவளே நடந்து போனாள். முட்டைச் சோறு. தட்டு காலி.

வெளியில் வெயிலில் உட்கார வேண்டும் என்றாள். செருப்பை எடுத்து வைத்தேன், காலுக்குப் பற்றவில்லை. கால் சதை போட்டிருக்கிறது. "நான் செய்யற சமையல்" என்றேன். "ஆமாமா, உங்க கைப்பக்குவம்" என்று சிரித்தாள்.

ஜூலை 15

எடிட்டர் 1 கிலோ 200. டாக்டர் ஃபர்ஹானா சொன்ன கணக்குப்படி இன்னும் கிலோவைத் தொட்டிருக்கக் கூடாது. நான் வைப்பது அளவாகத்தான் இருக்கிறது. அதிலும் பாதியை மிச்சம் வைக்கிறான். தராசைச் சரிபார்த்தேன். அரிசிப் பொட்டலம் வைத்து நிறுத்தேன். தராசு சரி.

ஜூலை 19

கைதூக்க முடியவில்லை என்றாள். ஜாக்கெட் மாற்ற உதவினேன். வயிறு முன்னுக்கு வந்திருக்கிறது, புடவைக் கொசுவம் நிற்கவில்லை. மேலே விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

எடை கூடியிருக்கிறது. எலும்பும் தெரிகிறது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 24

கோவை. எடை 48. எண்ணைச் சத்தமாகப் படித்தேன். டாக்டர் சீட்டை வாங்கவில்லை. அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலால் கணுக்காலுக்கு மேலே அமுக்கிவிட்டு எடுத்தார். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பவில்லை.

"இது சதை இல்லை சார். தண்ணி. வயித்துலயும் அதுதான். உடம்புல புரதமே இல்லைன்னா இப்படிச் சேரும்."

மருந்து ஏற்றவில்லை. வயிற்றிலிருந்து ஊசி போட்டுத் தண்ணீர் இறக்கினார்கள். பிறகு மறுபடியும் நிறுத்தார்கள். நாற்பத்தொன்று.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னைக் கேட்டார்: "சாப்பிடறாங்களா?"

"தட்டு காலியாத்தான் சார் இருக்குது."

"நீங்க பார்த்தீங்களா?"

"தினமும் பாக்கறேன். தட்டு காலி."

அவர் சீட்டில் ஏதோ எழுதினார். சாப்பிட்டும் சேராமல் போகலாம், கட்டி பெரிதாகியிருக்கலாம் என்றார். ஆகஸ்ட் 14ஆம் தேதி வரச் சொன்னார். அதற்குள் நன்றாகச் சாப்பிட்டுத் தேறினால் பார்க்கலாம். தேறாவிட்டால் மருந்து ஏற்றுவது அவளைக் கொல்வதற்குச் சமம் என்றார்.

ஆக, எல்லாம் இந்த மூன்று வாரச் சாப்பாட்டில் இருக்கிறது.

ஜூலை 25

முட்டை இரண்டாக்கினேன். மீன் கால் கிலோ. தட்டு காலி.

ஜூலை 28

எடிட்டருக்குத் தடுப்பூசி. டாக்டர் ஃபர்ஹானா தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எடை 1 கிலோ 600.

"சார், இதென்ன பலூனாட்டம்! விலாவே அகப்படலையே. எவ்வளவு போடறீங்க?"

சொன்னேன். டைரியையும் காட்டினேன்.

"இந்த அளவுக்கு இப்படி ஏறாது. வேற யாரோ கூடப் போடறாங்க. வீட்டுல யார் யாரு இருக்கீங்க?"

"நானும் என் சம்சாரமுந்தான்."

"அக்கம்பக்கத்துல விசாரிங்க. மதியப் பங்கை மிச்சம் வைக்கிறான்னு எழுதியிருக்கீங்க, அந்நேரம் வேற எங்கயோ முழுச் சாப்பாடே உள்ள போகுது."

ஜூலை 29

வசந்தாமணியிடம் விசாரித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எங்க பூனைக்கு நீ ஏதாச்சும் போடறயா?"

"நானா? எதுக்குங்கண்ணா கேக்கறீங்க?"

"குண்டாயிட்டே போகுது. டாக்டர் திட்டறாங்க."

"நல்லாருக்குது நாயம்! உங்க பூனை தெனமும் மத்தியானத்துக்கு மேல எங்க மதில் மேல வந்து உக்காந்துட்டு மீன் ஏப்பம் உடுது. ஆடி நோம்பி முடியற வரைக்கும் எங்கூட்டுக்குள்ள கவுச்சியே வராது. மாரியாத்தாளுக்கு வேண்டுதல். இந்தத் தெருவுலயே எல்லாருக்கும் அப்படித்தான். மீன் வாங்கறது உங்க ஊடு ஒண்ணுதானுங்க. என்னைய வந்து கேக்கறீங்க?"

கொடியில் போட்ட துணியை எடுத்து மறுபடி உதறிப் போட்டாள். கோபம்.

தெருவில் மீன் போட வேறு யாரும் இல்லை. மீன் என் வீட்டில் மட்டும்.

ஜூலை 30

மதியம் சாப்பிட்டுவிட்டு, பாங்கு வரை போய் வருகிறேன் என்று சொல்லிச் சட்டை மாட்டிக் கிளம்பினேன். வெளிக்கேட்டைச் சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறினால் சமையலறை ஜன்னல்.

மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். தட்டு மடியில் இருந்தது. மீன் சோற்றைச் சுண்டைக்காயளவு உருட்டி உருட்டி எடிட்டரின் வாய்க்கு நேரே நீட்டினாள். முள் ஏதும் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு உருண்டையையும் விரலால் நசுக்கிப் பார்த்த பிறகே கொடுத்தாள். அவன் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னும் ரெண்டே வாய் சாமி. தின்னுடு. அவர் வந்து பாத்தா மனசு உட்டுருவாரு. என்ர கண்ணில்ல?"

தின்றான். தட்டை விரலால் வழித்து அதையும் கொடுத்தாள். பிறகு மேடையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை. மூன்றாவது தடவை எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள்.

நான் கேட்டுக்கு வந்து, சத்தம் கேட்கும்படி திறந்து, உள்ளே போனேன்.

"பாங்குல வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. சாப்பிட்டயா?"

"ஆச்சுங்க. மீன் நல்லா இருந்துச்சு."

ஜூலை 31

ஜூன் 18இலிருந்து எழுதியதைப் படித்தேன். சாப்பிட்டாள், சாப்பிட்டாள், சாப்பிட்டாள். நேரில் பார்க்காததை எழுதினால் செய்தியைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அந்த வழக்கத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். பார்த்தது காலித் தட்டு. எழுதியது சாப்பிட்டாள் என்று. அதைப் படித்துக் காட்டித்தான் ஜூலை 3ஆம் தேதி முழு மருந்து ஏற்றினார்கள்.

ஆகஸ்ட் 1

மதியம் இரண்டு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, பந்தியா?"

"ஆமா."

"நீங்க உக்காந்து பாத்தா எனக்கு எறங்காதுன்னு..."

"பாக்காட்டியும் எறங்கறதில்ல மயிலா."

எடிட்டர் வழக்கம்போல அவள் முழங்காலில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"முந்தாநேத்து."

"ஏனுங்க, நெசமாலுமே முடியலைங்க. ஒரு வாய் உள்ள போனா கத்தி வெச்சு அறுக்கறாப்புல இருக்குது. அன்னைக்குத் தட்டைக் கையில வெச்சுட்டு நின்னீங்களே, அந்த மூஞ்சி. அதைத் தெனமும் மூணு வேளை பாக்க முடியாதுன்னு தோணிப்போச்சு. இவனுக்கோ எந்நேரமும் பசி. எனக்குப் பசியே இல்லை. பசிக்கறவன் திங்கட்டும்னு குடுத்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனே. கார்ல வெச்சுச் சொன்னேன். எடை ஏறுதுன்னீங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினாலாந் தேதி கோயமுத்தூருக்குப் போக வேண்டாங்க. இந்தக் கட்டில்லயே இருந்துக்கறேன். சுகன்யாகிட்ட நீங்கதான் சொல்லோணும், எனக்கு அவகூட மல்லுக்கட்டத் தெம்பு இல்ல."

அவள் ஒரு உருண்டை உருட்டி எடிட்டருக்குக் கொடுத்தாள், இந்த முறை என் எதிரில். பிறகு ஒரு பருக்கை அளவு தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

அவள் சாப்பிட்டதை இன்று பார்த்தேன். ஒரு வாய்.

ஆகஸ்ட் 3

சுகன்யாவிடம் சொன்னேன். கத்தினாள். வேறு ஆஸ்பத்திரி, மூக்கு வழியாகக் குழாய், இன்னும் என்னென்னவோ சொன்னாள். "நீங்க பக்கத்துலதானப்பா இருந்தீங்க?" என்றாள். பக்கத்துக் கூடத்தில் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 5

எடிட்டருக்கு இனி காலை, சாயங்காலம், ராத்திரி மட்டுமே நான் வைக்கிறேன். மதியப் பங்கு அவள் கையால். அதையும் சேர்த்துத்தான் அளவு. அவள் தட்டில் இனிமேல் எடிட்டருக்கு எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவும், அவளுக்கு ஒரு கரண்டியும் வைக்கிறேன். அவளுடைய ஒரு கரண்டியில் உப்பு போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்க. ரெண்டு மாசமா உப்பில்லாம நாக்கு செத்துப்போச்சு" என்றாள். கொஞ்சம் ஊறுகாயும் கேட்டாள். நாக்கில் வைத்துச் சப்பிவிட்டுத் துப்பினாள்.

ஆகஸ்ட் 14

கோவைக்குப் போகவில்லை. வலிக்கு மாத்திரை எழுதித் தருவதாக டாக்டர் போனில் சொன்னார்.

எடிட்டர் 1 கிலோ 700. ஏறுவது மட்டுப்பட்டிருக்கிறது. விலா கைக்குத் தட்டுப்படுகிறது.

ஆகஸ்ட் 22

மணைப்பலகையில் உட்கார முடியவில்லை. தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். கட்டிலிலேயே கொடுக்கலாம் என்றதற்கு ஒப்பவில்லை. "சோத்தைக் கட்டில்ல வெச்சுத் திங்கப் பழகுனா அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம்" என்றாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறேன். தூக்குவது சிரமமாக இல்லை.

வசந்தாமணி கூழ் கொண்டுவந்தாள். கோபம் தீர்ந்துவிட்டது. வாசல்படியில் நின்று மயிலாத்தாளைப் பார்த்துவிட்டு, "பூனையைத் தூக்கிட்டுப் போய் நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம் சாமி" என்றாள் மயிலாத்தாள். "இவரு வெச்சு வளத்துவாரு. அளவு தெரிஞ்சுக்கிட்டாரு."

ஆகஸ்ட் 30

உருட்ட விரல் வரவில்லை. நான் உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். எடிட்டர் அங்கிருந்து தின்றான். தின்ற பிறகும் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 4

ஊறுகாய் கேட்டாள். நாக்கில் தடவினேன்.

செப்டம்பர் 11

சுகன்யா வந்திருக்கிறாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். காப்பி வசந்தாமணி வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. எடிட்டருக்கு வைக்க மறந்துவிட்டேன். யாரும் வைக்கவில்லை. பரண் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பர் 27

காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். சுகன்யா கூட வரச் சொன்னாள். பூனை இருக்கிறது என்றேன்.

எடிட்டர் 1 கிலோ 850. இரண்டைத் தாண்டியிருக்க வேண்டும். விலா கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று வேளையும் தின்கிறான், மதியம் மட்டும் தொடுவதில்லை. கிண்ணத்தில் வைத்தேன். தட்டில் வைத்தேன். உருட்டி நீட்டினேன். என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பர் 28

மதியம் மீனை வேகவைத்து, முள் எடுத்து, நசுக்கிப் பார்த்து, அவள் தட்டில் வைத்தேன். மணைப்பலகையைப் போட்டேன். எடிட்டர் வந்து பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தின்னவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு வெளியே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கூடத்தில் பேப்பரைப் பிரித்தேன்.

தட்டு காலி.